கதவுப் பக்கம்

"எத்தனை தடவைதான் சொல்லது, சிஸ்டர்?" நர்ஸ் அறையின் மருந்து அலமாரி முன்னால் நின்று குதித்தார் ஆஸ்பத்திரி ஸ்டோர் பொறுப்பாளர் ராஜையன். "தேதி முடியப்போறதப் பின்னால ஒளிச்சு வச்சிட்டு, புதுச முன்னால அடுக்கியிருக்கிய! நாள் நெருங்கினதெல்லாம் கதவுப் பக்கம் இருக்கணும். எடுத்து வெளிய அனுப்ப அதாக்கும் சௌகரியம்!"

"செரி சாரே," என்ற ஷெமி சிஸ்டர் தயங்கினாள். "சாரே, ஒரு காரியம்..."

"காரியமெல்லாம் பெறவு. முதல்ல இத மாத்தி அடுக்குங்க."

அதே வேகத்தில் பக்கத்துப் பெண்கள் வார்டுக்குள் நுழைந்து, நேரே ஜன்னலோரக் கட்டிலுக்குப் போனார். அங்கே வேறு யாரோ படுத்திருந்தார்கள். அவருக்குத் திக்கென்றது.

"இங்க இருக்கேன்!" பின்னாலிருந்து சிரித்தாள் அவர் மனைவி சுசீலாபாய். இத்தனை நாள் ஜன்னலோரத்தில் கிடந்தவள், இப்போது கதவை ஒட்டிய கட்டிலில் இருந்தாள்.

"காலம்பற டாக்டர் பாத்திட்டு, இங்க மாத்தச் சொன்னாரு. நல்லதுதான், வித்துராவுலேருந்து அக்கா வந்தா இனி தேட வேண்டாம். ஆனா எதுக்கு மாத்தினாங்க? நீங்க இங்கத்த ஆளுதானே, உங்களுக்குத் தெரியாதா?"

ராஜையன் திரும்பிப் பார்த்தார். நர்ஸ் அறையின் கண்ணாடிக்கு அப்பால் ஷெமி சிஸ்டர், அவர் சொன்னபடியே பழைய மருந்துகளை ஒவ்வொன்றாக முன்னால் நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"இதாக்கும்... சௌகரியம்," என்றார்.