ஆறு அறைகளில் ஒன்று

ரிவால்வரின் சிலிண்டரைக் கழற்றித் துணிமேல் வைத்தாள்.

ஐந்து அறைகள் காலி. ஆறாவதில் ஈயக் குண்டு.

அவள் கை நின்றது.

பின்பக்கம் திருப்பினாள். அந்த அறைக்கு மாட்டியிருந்த, மருந்துக்குப் பொறி கொடுக்கும் செம்பு கேப் வெடித்து, கிழிந்து, அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. யாரோ விசையை அழுத்தியிருக்கிறார்கள். கேப் வெடித்திருக்கிறது. உள்ளே இருந்த கருமருந்துதான் பற்றவில்லை. நமுத்த பட்டாசு மாதிரி கிடந்தது.

செம்பில் இன்னும் பச்சை ஏறவில்லை. நடந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது.

குறி பார்த்துச் சுடுகிறவன் ஆறு அறையையும் நிரப்புவான். கொஞ்சம் பயந்தவன் ஐந்தோடு நிறுத்திக்கொள்வான்.

ஒன்றே ஒன்றை நிரப்புகிறவன் எதைச் சுடப் போகிறான்?

"அட கடவுளே" என்றாள். அவளுடைய துப்பாக்கி ரிப்பேர்ப் பட்டறையில் வேறு யாருமில்லை.

துப்பாக்கியைக் கொண்டுவந்தவர் தேவசகாயம். வால்பாறைப் பக்கம் எஸ்டேட் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்து நான்கு வயது. போன வருஷம் மனைவியைப் பறிகொடுத்தவர்.

காலையில்தான் அதை மேசைமேல் வைத்து, மாமனார் கொடுத்தது, வெள்ளைக்காரன் காலத்துச் சாமான் என்று பெருமை அடித்தார். குழாயின் அடியில் சின்னக் கட்டத்துக்குள் வருஷத்தைக் குறித்திருந்த இரண்டு எழுத்துகளை அவள் லென்ஸ் வைத்துக் காட்டினாள். இத்தாலியில் செய்த நகல். வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்து.

அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மாமனார் சாகும்வரை ஏமாற்றிவிட்டாரே என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சிலிண்டர் சுற்றமாட்டேன் என்கிறது, சரி பண்ணி வையுங்கள் என்று கொடுத்துவிட்டுப் போனார்.

இப்போது அந்தச் சிரிப்பு அவளுக்கு வேறு மாதிரித் தெரிந்தது. பாவி மனுஷன், என்னமாய் நடித்திருக்கிறார்!

குண்டை உருவினாள். மருந்தைக் கழுவிக் கொட்டினாள். உள்ளே ஒடிந்து கிடந்த ஸ்பிரிங்கை மாற்றினாள். சிலிண்டர் சுற்றியது. மொத்தமே ஒரு மணி நேர வேலை.

பிறகு துப்பாக்கியை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு அவருக்குப் போன் போட்டாள்.

"ஸ்பிரிங் இத்தாலில இருந்து வரோணுங் சார். நாளாகும்."

நேராகவே கேட்டிருக்கலாம். வாயிருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள். அவள் வாய்க்குக் காசிவரை போய்த் திரும்பியும் வரலாம். லைசென்ஸ் புதுப்பிக்கும் ஆபீசில் அவள் குரல் கேட்டாலே நாற்காலிகள் காலியாகும்.

ஆனால் அப்பா வயசு மனிதரிடம் இதைப் போய் எப்படிக் கேட்பது? கேட்டால் கூனிக் குறுகிப் போய்விடுவாரே. மனுஷனுக்கு மானம் பெரிது என்று நினைத்தாள், மகா புத்திசாலி.

அவர் செவ்வாய்க்கிழமைதோறும் வந்தார். மகன் எட்வின் காரோட்டிக்கொண்டு வருவான். நாற்பது வயதிருக்கும். வண்டியை விட்டு இறங்க மாட்டான். இவர் மட்டும் உள்ளே வந்து டீ குடித்து, எஸ்டேட்டில் யானை புகுந்த கதை ஒன்றைச் சொல்லிவிட்டுப் போவார்.

சாப்பிட்டீர்களா, தூக்கம் வருகிறதா, மாத்திரை போட்டீர்களா என்று அவள் துருவித் துருவி விசாரிப்பாள். அவரும் சலிக்காமல் பதில் சொல்லுவார்.

மூன்று மாதம் ஓடியது. ஸ்பிரிங் சாக்கு தீர்ந்த நேரத்தில் தேர்தல் வந்தது. முடியும்வரை துப்பாக்கி எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது. தேர்தலால் இப்படியும் ஒரு நன்மை உண்டென்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஒரு நாள் டீயை எடுத்துக்கொண்டு காருக்கே போனாள்.

"தம்பி, அப்பாவத் தனியா உட்றாதீங்க. கூடவே இருங்க."

எட்வின் நிமிர்ந்து பார்த்தான். ரொம்ப நேரம் அவளையே பார்த்தான்.

"சரிங்கக்கா" என்று டீயை வாங்கிக்கொண்டான்.

அன்றைக்கு அவள் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

அடுத்த செவ்வாய் யாரும் வரவில்லை. அதற்கடுத்த செவ்வாயும் வரவில்லை. போனை யாரும் எடுக்கவில்லை. பேப்பர் வந்ததும் முதலில் கண்ணீர் அஞ்சலிப் பக்கத்தைப் புரட்டினாள்.

மூன்றாவது செவ்வாய் ஓர் ஆட்டோ வந்து நின்றது. தேவசகாயம் இறங்கினார்.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "வாங்க சார், வாங்க!" என்று வாசலுக்கே ஓடினாள்.

அவர் உட்காரவில்லை. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

துப்பாக்கி இனி வேண்டாம் என்றார். லைசென்ஸையும் ஒப்படைத்துவிடப் போகிறேன் என்றார். எட்வின் போய்ப் பதினாறு நாள் ஆகிறது என்றார். அவனாகவே முடித்துக்கொண்டான் என்றார்.

வேலை போய் ஆறு மாதமாம். அடக்கத்தன்று அவனுடைய நண்பர்கள் சொல்லித்தான் அவருக்கே தெரியுமாம்.

"இங்க கொண்டு வந்ததுக்கு முன்னாடி அந்தத் துப்பாக்கிய நான் தொட்டே பத்து வருஷம் இருக்கும்மா. பீரோவுல கிடந்துச்சு. சிலிண்டர் சுத்தலப்பா, சரி பண்ணலாம்னு சொன்னதே அவன்தான்."

வெடித்துக் கிழிந்த அந்தச் செம்பு கேப் அவள் நினைவுக்கு வந்தது.

"ஒரே வீட்டுல இருந்தேன். ஒரு சின்ன அறிகுறி தெரிஞ்சிருந்தா நான் அவன விட்டிருப்பேனா? நீங்களே சொல்லுங்கம்மா."

அவர் பதிலுக்காக நின்றார்.

"உட்டிருக்க மாட்டீங்க சார்" என்றாள்.