பச்சை மூடி

வந்ததும் வராததுமாக என் தம்பி குமரன் ஜன்னலோரம் இருந்த பாட்டிலை எடுத்தான். பச்சை மூடியைத் திருகி, அண்ணாந்து மடமடவென்று குடித்தான். பாதி காலி.

வாயைத் துடைக்கக்கூட நேரமில்லை. செல்போனை என் மூக்குக்கு நேராக நீட்டினான்.

"அக்கா, பதினோராயிரம் பேரு பாத்துட்டாங்கக்கா! இன்னும் ஏறிக்கினே இருக்குது!"

நேற்றிலிருந்து இருபது தடவை பார்த்தாயிற்று. காலேஜ் படிக்கிற பிள்ளை, எடுத்து வைத்திருக்கிற லட்சணம்!

பத்து வினாடி. சர்பத் கடை சனாவுல்லா பாய் ஒரு தண்ணீர் பாட்டிலை வாய்க்கருகே கொண்டுபோகிறார். உதடு அசைகிறது. பாட்டிலுக்குள் மெல்ல ஊதுகிறார். அவ்வளவுதான். கீழே சிவப்பு எழுத்தில், 'துப்பிக் கொடுக்கிறான், இந்தக் கடையில் தண்ணீர் குடிக்காதீர்கள்.'

துப்புகிறாராம்! காஞ்சிபுரத்தில் பிறந்தவனுக்கு ஓதுவது தெரியாதா? குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும், பயந்து அழுதாலும், நெற்றி நிறைய விபூதியோடு எங்கள் தறிக்காரத் தெருப் பெண்களே பாட்டிலும் கையுமாகப் பள்ளிவாசல் முன்னால் போய் நிற்பார்கள். ஓதி ஊதிய தண்ணீரை மூன்று வேளையும் கொடுப்போம். இவனுக்கே ஆறு வயதுவரை அம்மா கொடுத்திருக்கிறாள்.

காலையில் அந்தப் பக்கம் போனேன். கடையில் ஒரு நன்னாரி பாட்டில்கூட மிச்சமில்லை. யாரோ நாலு பேர் வந்து உடைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தெருவெல்லாம் பிசுபிசுவென்று சர்பத். கட்டடத்துக்காரர் வேறு, சாயங்காலத்துக்குள் கடையைக் காலி செய்யச் சொல்லிவிட்டாராம்.

பாய் குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். என் இடுப்பில் இருந்த குழந்தை அபியைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"காய்ச்சல் விட்டுச்சாமா?"

சுற்றிலும் ஆட்கள். நான் அவரிடம் போவது ஐயம்பேட்டையில் என் மாமியார் வீட்டுக்குத் தெரியாது. தெரிந்தால் அப்புறம் அந்த வாசல்படி மிதித்தாற்போலத்தான். பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டு அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். வெட்கங்கெட்டவள்! என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

இவன் என்னடாவென்றால் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணிக்கொண்டு நிற்கிறான்.

போனைப் பிடுங்கினேன். தேடினேன். அவன் முதலில் எடுத்த வீடியோ அழிக்கப்படாமல் அப்படியே இருந்தது. பத்து வினாடி இல்லை, முப்பத்தொன்று.

ஒரு பெண் கடைக்கு வருகிறாள். இடுப்பில் குழந்தை. பையிலிருந்து பச்சை மூடி பாட்டிலை எடுத்து பாயிடம் நீட்டுகிறாள். அவர் ஓதுகிறார், ஊதுகிறார். அவள் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள்.

நான்தான்.

முன்னால் இருந்த என்னையும் பின்னால் இருந்த என்னையும் வெட்டி எறிந்துவிட்டு, நடுவில் அவரை மட்டும் விட்டு வைத்திருக்கிறான். நான் நின்றதை அவன் பார்த்திருக்க மாட்டான், விவரம் புரியாமல் போட்டுவிட்டான் என்று நேற்று முழுக்க அவனுக்காக மனசுக்குள் சப்பைக்கட்டு கட்டிக்கொண்டிருந்தேனே, பாவி!

குமரன் முகம் வெளுத்தது.

"உன்ன யாரும் தப்பா பேசக் கூடாதுன்னுதான்க்கா கட் பண்ணேன்."

என்னைப் பேசக் கூடாதாம். அவர் கடையை உடைக்கலாமாம்.

ஜன்னலோரம் அந்தப் பாட்டில் இருந்தது. துப்பின தண்ணீர் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன், தாகம் எடுத்ததும் அதைத்தான் குடித்திருக்கிறான். தெரிந்தே குடித்திருக்கிறான்.

முப்பத்தொரு வினாடியையும் என் போனுக்கு அனுப்பிக்கொண்டேன். ஊர் குரூப் எல்லாவற்றிலும் போட வேண்டும். சாயங்காலத்துக்குள் போட வேண்டும்.

முதலில் மாமியார் வீட்டு குரூப்பில் போட்டேன்.