ஆடாதீங்க மாஸ்டர்!

“யார் கைவரிசை மாஸ்டர் இது? கன்னத்துல நாலு வெட்டு!”

“என் கைவரிசைதான்,” என்றார் தையல்காரர்.

முப்பது வருடமாகத் தானே சவரம் செய்துகொண்டவர். போன மாதம் திறந்த இந்த சலூனுக்கு இன்றுதான் முதல்முறையாக வந்திருக்கிறார். கட்டிங் மாஸ்டர் என்றால் தெருவே மரியாதை கொடுக்கும். பிளேடு கொடுக்குமா?

“பிளேடு நழுவுது, ஊசி நழுவுது, காலையில டீ கிளாஸும் போச்சு. ஊருக்கே சட்டை தைக்கிறவனுக்கு பட்டன் போட்டுவிட வீட்டுக்காரி வர வேண்டியிருக்கு.”

சலூன்காரர் நுரையைப் பூசினார். “கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப்போகுதா?”

“ஆமா.”

“சுண்டுவிரலுக்கு ஒண்ணும் இல்லையே?”

“அது மட்டும் ராஜா மாதிரி இருக்கு.”

“ராத்திரி சுருக்சுருக்குனு குத்தி எழுப்பும். கையை உதறினா கொஞ்சம் தேவலை. சரியா?”

“உங்களுக்கு எப்படிங்க...” என்று திரும்பப் போனார்.

“ஆடாதீங்க மாஸ்டர்!” கத்தி தொண்டைக்குழி அருகே நின்றது. “டாக்டர் என்ன சொன்னார்?”

“மணிக்கட்டுல நரம்பு நசுங்குதாம். கார்பல் டனலாம். வருஷக்கணக்கா கத்தரிக்கோல் பிடிச்சது பாதி, சர்க்கரை மீதின்னார். கைக்குப் பட்டை போட்டும் பார்த்தாச்சு. நாளைக்கு ஆபரேஷன்.”

“நல்லதுதானே?”

“நான் போகப்போறதில்ல. மெஷினை வித்துடலாம்னு இருக்கேன்.” அந்த மெஷினைத் தவிர அவருக்கு வேறு பிழைப்பு தெரியாது. “அறுத்துத் தைச்ச கையை நம்பி எவன் வேலை குடுப்பான்? நீங்களே சொல்லுங்க, ஒரு முழம் துணி குடுப்பீங்களா?”

சலூன்காரர் அவர் மோவாயை நிமிர்த்தி, மேலிருந்து கீழாக நிதானமாகக் கத்தியை இழுத்து முடித்தார். துண்டால் துடைத்துவிட்டுக் கண்ணாடியைக் காட்டினார். புதிதாக ஒரு கீறல்கூட இல்லை.

தையல்காரர் கழுத்தைத் தடவிப் பார்த்து அசந்துபோனார். “அடேங்கப்பா, கைன்னா இதுதாங்க கை!”

சலூன்காரர் கத்தியை மடக்கி வைத்துவிட்டு, வலது உள்ளங்கையை அவர் முன்னால் விரித்தார். மணிக்கட்டை ஒட்டி, நேர்க்கோடாக ஒரு தையல் தழும்பு.

“போன வருஷம் எனக்கும் இதே ஆபரேஷன்தான் மாஸ்டர். ஒரு முழம் துணியா கேட்டீங்க? இவ்வளவு நேரம் இந்தக் கையை நம்பி உங்க கழுத்தையே குடுத்துட்டு உட்கார்ந்திருந்தீங்களே!”