தலைகீழாகக் கட்டிய கத்தாழை

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு வாசல். யாராயிருந்தாலும் குனிந்துதான் போக வேண்டும். அந்த வாசல் கடலூர் தேவனாம்பட்டினத்தில், கலியபெருமாள் வீட்டில் இருந்தது.

வாசலுக்குள்ளே அவனுடைய புதுப் பெண்டாட்டி தனக்கோடி சுவரோடு ஒட்டி நின்றாள். பக்கத்தில் அவள் துணிமூட்டை.

"கல்யாணம் ஆன மறுவாரமே புது நைலான் வலையைக் கடல் வாரிக்கிட்டுப் போயிடுச்சு. எல்லாம் இவ கால் வச்ச நேரம்" என்றாள் மாமியார் செல்லாயி. "சிதம்பரம் திரும்பறப்ப இவளையும் கூட்டிக்கிட்டுப் போயிடுங்க அண்ணி. கிள்ளையில அவ ஆத்தா வூட்ல விட்டுடுங்க."

கலியபெருமாள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அண்ணி என்றது மங்கம்மாவை. செல்லாயிக்கு நாத்தனார். சிதம்பரத்தில் கருவாடு விற்கிறவள். அவள் சொல்லுக்கு அந்த வீட்டில் மறுசொல் கிடையாது.

"நீ சொல்லி, நான் சொல்லி என்ன ஆவுது? கத்தாழை சொல்லட்டும்" என்றாள் மங்கம்மா.

கொல்லைக்குப் போய் ஒரு சோத்துக்கத்தாழையை வேரோடு பிடுங்கி வந்தாள். மஞ்சள் குங்குமம் வைத்து, வாசல் நிலையில் தலைகீழாகக் கட்டினாள்.

"நாலு மாசம் கழிச்சு மாசி மகத்துக்கு வருவேன். இது வாடியிருந்தா, வந்தவ ராசியில்லாதவ. நானே கையோட இழுத்துக்கிட்டுப் போறேன். அதுவரைக்கும் ஒருத்தரும் தொடக் கூடாது. அண்ணாந்து பார்க்கவும் கூடாது."

"மண்ணுல இல்லாத செடி எப்படி பெரியத்தை வாடாம இருக்கும்?" என்றாள் தனக்கோடி.

"ராசி இருந்தா இருக்கும்."

கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துக்கொண்டாள் தனக்கோடி.

மங்கம்மா சொன்ன சொல்லைச் செல்லாயி மீறவில்லை. குனிந்து போனாள், குனிந்து வந்தாள். தனக்கோடியால்தான் முடியவில்லை. மாமியார் மீன்கூடையோடு கிளம்பியதும், ஒரு செம்புத் தண்ணீரை வேரில் ஊற்றுவாள். மறுநாளும் ஊற்றுவாள். "செத்துடாதே" என்று அதனிடம் சொல்வாள்.

மாசி மகத்துக்கு முதல் நாள் தொட்டுப் பார்த்தாள். மடல் ஒன்று கொழகொழவென்று கையோடு வந்துவிட்டது.

இந்தத் தடவை துணிமூட்டையை அவளே கட்டி வைத்தாள்.

விடிந்ததும் மங்கம்மா வந்துவிட்டாள். செல்லாயியும் மகனும் சாமி பார்க்கக் கடற்கரைக்குப் போயிருந்தார்கள்.

மங்கம்மா அண்ணாந்து பார்த்தாள். பிறகு தனக்கோடியைப் பார்த்தாள்.

"நிக்கிறா பாரு மரமாட்டம். பஸ்ல வந்தது நாக்கு வறண்டு கெடக்கு. போயி காப்பித்தண்ணி வை."

டம்ளரோடு திரும்பியபோது வாசலில் செல்லாயி நின்றிருந்தாள்.

"இப்பப் பாரு" என்றாள் மங்கம்மா.

செல்லாயி பயந்து பயந்து தலையைத் தூக்கினாள். பச்சைப்பசேலென்று கத்தாழை. நடுவில் நீளமாய் ஒரு பூந்தண்டு.

"பூத்திருக்கு அண்ணி" என்றாள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இத்தினி நாளா தண்ணியில்லாம, மண்ணில்லாம..."

தனக்கோடி கையிலிருந்த டம்ளரைப் பார்த்து, "நீ குடிச்சியாடி?" என்று கேட்டாள். மருமகளிடம் அவள் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் மங்கம்மாவை பஸ் ஏற்றிவிடத் தனக்கோடி கூடவே போனாள்.

"பெரியத்தை, அந்தச் செடி..."

மங்கம்மா கூடைத்துணியை விலக்கினாள். உள்ளே அழுகிய கத்தாழை கிடந்தது.

"வலை போன ஆத்திரம் அவளுக்கு. நாலு மாசம் போனா ஆறிடும். அதுக்குத்தான், தொங்கவுட்டாலும் சாகாத செடியாப் பார்த்துக் கட்டினேன். சும்மா வுட்டிருந்தா தானாப் பூத்திருக்கும்டி. அன்னைக்கு உன் மூஞ்சியப் பார்த்தப்பவே தெரியும், பயந்தவ கை சும்மா இருக்காதுன்னு. எதுக்கும் இருக்கட்டும்னு என் வூட்டுச் செடியைக் கொண்டாந்தேன்."

பஸ் உறுமியது.

மங்கம்மா கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். நாலடி போய்த் திரும்பினாள்.

"இதுக்காவது தண்ணி ஊத்தாம இரு. என் வூட்ல வேற செடி இல்ல."

சொல்லிவிட்டு நடந்தாள்.