வண்டிச் சத்தம்

“சைலன்சரை மாத்திட்டா இந்தத் தடதடப்பு நின்னுடும் தங்கச்சி” என்றார் மெக்கானிக்.

“நிக்கக் கூடாதுண்ணே. அவர் ஓட்டிட்டு வருவாரே, அதே சத்தம் அப்படியே இருக்கணும். தெருமுனை திரும்பும்போதே வீட்டுக்குக் கேக்கணும்.”

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டார். மறுபடி வண்டிக்கடியில் நுழைந்துகொண்டார்.

அவளுடைய மாமனார் வாங்கிய பிக்கப் அது. ஒரு காலத்தில் குடும்பத்துக்கே சோறு போட்டது; வயதானதும் குடும்பத்தின் சோற்றைத் தின்னத் தொடங்கியது. விற்றுத் தொலை என்றார் மாமனார். மாட்டேன் என்றான் மகன், அவள் கணவன். வார்த்தை தடித்து, அன்றோடு அப்பனுக்கும் பிள்ளைக்கும் பேச்சு நின்றது.

ஒரே வீடு. கீழே அப்பா, மாடியில் மகன், நடுவில் தபால்காரி வேலை மருமகளுக்கு. ஆனாலும் சாயங்காலம் வண்டி வந்து நின்று, மகனின் பூட்ஸ் சத்தம் மாடியேறும்வரை பெரியவர் தட்டில் கை வைக்க மாட்டார். கேட்டால் பசியில்லை என்பார்.

மழைக்காலத்தில் இன்ஜின் இறுகி வண்டி படுத்துவிட்டது. அதை எழுப்பும் செலவுக்காக மகன் வேறொருவரின் லாரியை எடுத்துக்கொண்டு வெளியூர் ஓட்டத்துக்குப் போனான். அவன் போன கையோடு மாமனாருக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர் கட்டிலோடு கட்டிலாகிவிட்டார். எதைக் கொடுத்தாலும் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

வண்டியை எப்படியாவது ஓட வைத்துவிட வேண்டும் என்று அவள் முடிவெடுத்தது அப்போதுதான்.

பகலெல்லாம் தையல் மெஷின், மாலையானால் மெக்கானிக் ஷெட். புது சாமான் கட்டுப்படியாகாது என்று பழைய இரும்புக் கடைகளைச் சல்லடை போட்டுச் சலித்தாள். கிடைத்த கதவு வெள்ளை, வண்டியோ நீலம். இருந்துவிட்டுப் போகட்டும் என்று மாட்டச் சொன்னாள். துருவை உப்புத்தாளால் தானே தேய்த்தாள். தைத்து மிஞ்சிய கெட்டித் துணிகளை ஒட்டுப்போட்டு சீட்டுக்கு உறை தைத்தாள். சண்டை போட்டுக்கொண்ட இரண்டு சம்பந்திகள் ஆளுக்குப் பாதி அலங்காரம் பண்ணியது போலிருக்கிறது என்று மெக்கானிக்கே சிரித்தார்.

வீட்டுக்கு வந்தால் மாமனார் தயாராகக் காத்திருப்பார். இன்றைக்கு என்ன வேலை நடந்தது, பிரேக் பிடிக்கிறதா, ரேடியேட்டர் ஒழுகுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். கிளட்சில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதே என்பார். பதில் சொல்லிக்கொண்டே அவள் சாப்பிடுவாள். அவர் மேலும் மேலும் கேட்க, அவள் தட்டு காலியாகிவிடும். அவர் தட்டு வைத்தது வைத்தபடி இருக்கும்.

வண்டியைப் பற்றி ஆயிரம் கேட்டவர், மகன் எப்போது வருவான் என்று மட்டும் ஒருநாளும் கேட்கவில்லை. பழைய வீம்பு இன்னும் விடவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள். அதுவும் ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று.

வண்டி தயாரான அன்று மெக்கானிக் சாவியைக் கொடுத்துவிட்டு நகராமல் நின்றார். பெரியவரிடம் சொல்லிவிடலாமே, எத்தனை நாளைக்குத்தான் மூடி வைப்பாய் என்று கேட்டார். டாக்டர் கூடவே கூடாது என்றிருக்கிறார் என்றாள் அவள்.

மாமனார் நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான், அவள் கணவன் ஓட்டிப்போன லாரி பள்ளத்தில் உருண்டது. அவர் வீடு திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தது. இந்த நெஞ்சு இன்னொரு அடி தாங்காது என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு அக்கம்பக்கமும் வாயைக் கட்டிக்கொண்டது. அழுகை முட்டினால் அவள் தையல் மெஷினை வேகமாக மிதிப்பாள்.

அப்பனும் பிள்ளையும் பேசிக்கொள்ளாத வீட்டில், பிள்ளை இல்லாததை மறைக்க ஒரு வண்டிச் சத்தம் போதும்.

அன்று சாயங்காலம் அவளே ஓட்டிக்கொண்டு வந்தாள். கற்றுக்கொடுத்தவனே அவன்தான். தெருமுனையில் அவனைப் போலவே கியரைக் குறைத்து உறுமவிட்டாள். வாசலில் அவனைப் போலவே கதவை அறைந்து சாத்தினாள். அவனுடைய பூட்ஸை மாட்டிக்கொண்டு தடதடவென்று மாடியேறினாள்.

காலி அறையில் கொஞ்ச நேரம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகு பூட்ஸைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு ஓசையில்லாமல் இறங்கி முகம் கழுவிக்கொண்டாள்.

தட்டை எடுத்துக்கொண்டு போனபோது மாமனார் தானாகவே எழுந்து உட்கார்ந்திருந்தார். வாங்கி வாய் நிறையச் சாப்பிட்டார். மறுசோறும் கேட்டார். ஜெயித்துவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றிய அந்த நொடியில்தான் கண் பொங்கிக்கொண்டு வந்தது. பாத்திரத்தை எடுக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டாள்.

பெரியவர் அவள் கையைப் பிடித்துக் கட்டிலில் பக்கத்தில் உட்கார வைத்தார். வண்டி நன்றாக வந்திருக்கிறது, கிளட்ச் மெத்தென்று விழுகிறது என்றார்.

“நாளையிலேர்ந்து அவனை மாதிரி ஓட்டிக் காட்ட வேண்டாம்மா. நீ ஓட்டுற மாதிரியே ஓட்டிட்டு வா.”