முன் டயர்

"அத்தா, பக்கத்து வீட்டுத் தாத்தா எதுக்கு நம்ம வண்டி டயரை நகத்தால கீறிக் கீறிப் பாக்குறாரு?"

போன வாரம் ஷைமா இப்படிக் கேட்டபோது அர்ஷத் சிரித்துவிட்டுப் போய்விட்டான். இன்று காலை சந்தில் குனிந்து நின்றபோது அந்தக் கேள்வி நினைவுக்கு வந்து உடம்பெல்லாம் எரிந்தது. லாம்பிரட்டா ஸ்கூட்டரின் முன் டயர் பக்கவாட்டில் நீளமாகக் கிழிந்து, தரையோடு படிந்து கிடந்தது.

மனைவியையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு வால்பாறைக்குக் கிளம்ப வேண்டிய நேரம் அது. பையெல்லாம் கட்டி வைத்தாகிவிட்டது.

"விடுங்க, பஸ்ஸுல போய்க்கலாம்" என்றாள் அஃப்ஷீன்.

அர்ஷத் காதில் வாங்கவில்லை. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினான். "ஏனுங்க, வெளிய வாங்க!"

மரியஅந்தோணி வந்தார். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு தனியாக இருக்கிறார். பொதுச் சந்தில் வண்டி நிறுத்துவதைப் பற்றி இரண்டு வீட்டுக்கும் ஓயாத சண்டை. 'முருங்கை மரத்தடியில நிறுத்தாதீங்க, கிளை முறிஞ்சு விழும்' என்று அவர் சொன்ன மறுநாளிலிருந்து அர்ஷத் அங்கேதான் நிறுத்தினான். பகை வந்துவிட்டால் நல்ல சொல்லும் குத்தலாகத்தான் கேட்கிறது.

"இப்பச் சந்தோசமுங்களா? புள்ள உள்ள அழுதுட்டிருக்கு."

"டயர் போனா வேற டயர் போடுங்க. எதுக்குக் கத்தறீங்க?"

"வேற டயரா? வெள்ளைக் கோடு போட்ட டயருங்க அது. எங்க அத்தா தேடித் தேடி வாங்கிப் போட்டது. பழைய வண்டிக் கண்காட்சியில பரிசு வாங்குன வண்டி!"

"அப்பக் கண்காட்சியிலயே வெச்சிருக்கோணும்."

"பெரிய மனுசனாட்டம் பேசாதீங்க. தெனமும் ஜெபமாலை உருட்டுனா மட்டும் போதாது, மனசு சுத்தமா இருக்கோணும். போலீஸ்ல எழுதிக் குடுக்கறேன் பாருங்க."

"குடுங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

டயர் கடையில் பீர் முகம்மது சக்கரத்தைக் கழற்றி, டயரை மடக்கிக் காட்டினார். ரப்பர் கொப்பரையாகக் காய்ந்திருந்தது. பக்கமெல்லாம் வெடிப்பு.

"கத்தியால கிழிச்சிருக்காங்க பாருங்க. இதே மாதிரி வெள்ளைக் கோடு வேணும்."

"இதைக் கிழிக்கக் கத்தி எதுக்கு? வெடிப்போட வெடிப்பாப் பொளந்திருக்கு."

"டயர் பட்டன் கொஞ்சங்கூடத் தேயலியேங்க!"

"தேயாட்டி என்ன? ஓட்டாம நிறுத்தியே வெச்சிருந்தாலும் ரப்பர் செத்துப்போகும். ரிம்மும் துருவேறிக் கெடக்கு. இதுலயா மலையேறப் பாத்தீங்க? கொண்டை ஊசி வளைவுல டயர் வெடிச்சிருந்தா புள்ளைய எந்தப் பள்ளத்துல போய்த் தேடுவீங்க? அழகுக்கு வண்டியா, குடும்பத்துக்கு வண்டியா, மொதல்ல அதை முடிவு பண்ணிட்டு வாங்க!"

அர்ஷத் வெள்ளைக் கோடு வேண்டாம் என்றான். முன்னும் பின்னும் புது ரிம், மூன்று பேர் பாரம் தாங்கும் புது டயர், இதுவரை இல்லாத ஸ்டெப்னிக்கும் ஒன்று.

திரும்பி வந்து, வீட்டுக்குள்கூடப் போகாமல் மரியஅந்தோணியின் கதவை மெல்லத் தட்டினான்.

"மன்னிச்சுக்குங்க. டயர் வெடிப்புல தானாத்தான் பொளந்திருக்கு. அபாண்டமா உங்க மேல பழி போட்டுட்டேன்."

அவர் தெருவில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டார்.

"ஊரடங்குல என் சாராள் செத்தப்போ, நோய்க்குப் பயந்துட்டுச் சொந்தக்காரங்க ஒருத்தரும் கிட்ட வரலீங்க. கல்லறை வரைக்கும் தோள் குடுத்தது உங்க அத்தாதான். ஊட்டுலகூட அவரு சொல்லியிருக்க மாட்டாரு. அந்த மனுசனுக்குத் திருப்பி ஒண்ணும் செய்யலியேன்னு நேத்து ராத்திரி வரைக்கும் எனக்கு வருத்தமுங்க."

"நேத்து ராத்திரி வரைக்குமா?"

"நான் சொன்னாக் கேப்பீங்களா கண்ணு? அதான், நானே கிழிச்சுப்போட்டேன்."