குதிகாலில் ஒரு கண்ணி

"இதுவும் தேறாது," என்று அண்ணி அந்தக் காலுறையைத் தூக்கிப் பிடித்தார். "குதிகால்ல ஒரு கண்ணி நழுவிப்போய் ஓட்டையா நிக்குது. பனியில நிக்கிற பிள்ளைக்கு இது கொப்புளம் போடுமா, போடாதா?"

நூலக மாடியில் இருபது பெண்கள். மடியில் கம்பளி நூல், கையில் பின்னல் ஊசி. சனிக்கிழமை தவறாமல் போர்முனைக்குக் காலுறை மூட்டை போகும். அந்த இருபது பேரில் வாராவாரம் தேறாதவள் ஒருத்திதான். என் மனைவி.

"சரிக்கா, பிரிச்சுடுங்க," என்று சிரித்தாள்.

அண்ணி அதைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். வீட்டில் உட்கார்ந்து பிரித்து, தானே திரும்பப் பின்னி அனுப்புவாராம். பெரிய தியாகி!

மூலையில் நூலகத்து நாற்காலிக்குப் பிரம்பு பின்னிக்கொண்டிருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எனக்கும் அண்ணிக்கும் பேச்சு நின்று ஒன்பது வருடம். ஆசையாக நான் பின்னிக் கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, வந்திருந்த விருந்தாளிகள் முன்னால், "ஒரு பக்கம் தொய்யுதே தம்பி," என்றவர். நான் அதிகம் படித்தவனில்லை. ஆனால் ஞாபகசக்திக்குக் குறைவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது மனைவியிடம் சொன்னேன்.

"நீ பின்னின ஸ்வெட்டரை ஆறு வருஷமா போடுறேன். ஒரு கண்ணி போனதில்ல. காலுறையில மட்டும் எப்படிப் போகும்? அண்ணியே ஊசியால இழுத்து விடுறாங்க."

"மெதுவாப் பேசுங்க. யார் காதுலயாவது விழப்போகுது."

"விழட்டுமே! இந்த வாரம் நீ பின்னுறப்ப எதிர்லயே உட்காரப் போறேன். வரிசை வரிசையா நானே பார்த்து, குத்தம் இல்லாம கொண்டுபோய் வைக்கிறேன். அப்ப என்ன சொல்றாங்கன்னு பார்ப்போம்."

அவள் நூல் பையைத் தோள் மாற்றிக்கொண்டு நடையை எட்டிப் போட்டாள்.

சொன்னபடியே காவல் இருந்தேன். முதல் காலுறை அச்சில் வார்த்த மாதிரி வந்தது. வெள்ளிக்கிழமை இரண்டாவது குதிகாலுக்கு வந்த நேரம், "கொஞ்சம் தண்ணி கொண்டு வாங்களேன்," என்றாள்.

தம்ளரோடு திரும்பியவன் கதவருகிலேயே நின்றுவிட்டேன்.

குதிகாலில் ஒரு கண்ணியை அவளே ஊசியிலிருந்து மெல்லக் கழற்றி விட்டுக்கொண்டிருந்தாள்.

"அடிப்பாவி! நீயேவா?"

திடுக்கிட்டுப் போனாள். பிறகு ஊசியைக் கீழே வைத்தாள்.

"அக்கா மகன்கிட்டேயிருந்து லெட்டர் வந்து நாலு மாசம் ஆச்சு. தெரியுமா உங்களுக்கு?"

அண்ணி மகன் போர்முனைக்குப் போனது தெரியும். மற்றது தெரியாது. பேச்சுவார்த்தை இருந்தால்தானே.

"நான் இதை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வாரம் எல்லாரோடதும் தேறிடுச்சு. மறுநாள் போய்ப் பார்க்கிறேன், அடுப்பே பத்தவைக்கல. தபால்காரர் வருவார்னு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்காங்க. ஞாயித்துக்கிழமைங்க அது!"

நான் தம்ளரை மேஜைமேல் வைத்தேன்.

"நூல் ஆளுக்கு ரெண்டு உருண்டைதான். அவங்க பங்கு ரெண்டே நாள்ல தீர்ந்துடுது. மிச்ச நாளுக்கு அந்தக் கை என்ன பண்ணும்? என் நூலைச் சும்மா குடுத்தா வாங்க மாட்டாங்க. தப்புன்னா விட மாட்டாங்க."

"அதுக்காக இத்தனை பேர் முன்னாடி திட்டு வாங்குறியா?"

"வாங்கினா என்ன, தேஞ்சா போயிடுவேன்?"

அன்றைக்கே என் ஆறு வருட ஸ்வெட்டரைப் பிரித்து உருண்டை பிடித்தேன். அவள் தடுக்கவில்லை. ஊசி பிடிக்க மட்டும் கற்றுக்கொடுத்தாள்.

பத்து நாள் கழித்து, ஒரு மஃப்ளரோடு போய் அண்ணி வீட்டுக் கதவைத் தட்டினேன். வாசலைப் பார்த்துப் போட்டிருந்தது நான் பின்னிக் கொடுத்த அதே நாற்காலிதான். ஒரு பக்கம் தொய்ந்துதான் இருந்தது.

"வாங்க தம்பி," என்றார், நேற்றுப் பேசிப் பிரிந்தவர் போல.

மஃப்ளரை வாங்கி விரித்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். வரிசைக்கு நாலு ஓட்டை. நடுநடுவே பிரம்புக்குப் போடுகிற முடிச்சு.

"யாரு பின்னினது?"

"நான்தான் அண்ணி. தேறுமா?"

"இதை அனுப்பினா சண்டையே நின்னுடும் தம்பி. ரெண்டு பக்கத்துக்காரனும் விழுந்து விழுந்து சிரிப்பான்."

"அப்ப பிரிச்சுடுங்க. முடிச்செல்லாம் கொஞ்சம் கெட்டி. ஒரு வாரமாவது ஆகும்."

அண்ணி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். மஃப்ளரை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"உங்களுக்கு அளவே தெரியல தம்பி. உங்க வீட்டுக்காரியைப் பாருங்க. வாராவாரம் ஒரே ஒரு கண்ணி. அதே குதிகால், அதே ஏழாவது வரிசை. கை தவறினா அப்படியா தவறும்?"

"அப்ப, உங்களுக்கு முன்னாடியே...?" என்றேன்.

"எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிடாதீங்க," என்றார் அண்ணி, முதல் முடிச்சை அவிழ்த்தபடியே. "அப்புறம் ஒழுங்காப் பின்ன ஆரம்பிச்சுடுவா."